மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

"கையில் கட்டுப் போட்டிருக்கும் பெண்பிள்ளை ஒளுச் செய்வது எப்படி?" என்று ஒரு தாய் நம்மிடம் மஸ்அலா கேட்டார்.

விடை சிரமமானதல்ல. ஹனஃபீ மத்ஹபின்படி, காயமில்லாத பாகங்களைக் கழுவிவிட்டுக் கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும். மஸ்ஹும் இடையூறு தருமானால் அதுவும் மன்னிக்கப்பட்டு விடும். ஷாஃபிஈ மத்ஹபில் நல்ல பாகங்களைக் கழுவி, கட்டின் மீது மஸ்ஹு செய்து, அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். கட்டு முகத்திலோ கையிலோ இருந்தால் காயம் ஆறியபின் அத்தொழுகைகளை மீட்டித் தொழ வேண்டும் என்பது அம்மத்ஹபில் பலமான சொல்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பிள்ளைக்கு எப்படிக் காயம் பட்டது?" என்று கேட்டோம். வெகு நேரம் பதில் இல்லை. பிறகு, "அவளே பண்ணிக்கிறா ஹஜ்ரத். மூணு மாசமா நடக்குதாம், ஒளுச் செய்யக் கையைச் சுருட்டினப்பத்தான் பார்த்தேன். அவ வாப்பா சஃபர்ல இருக்காங்க. நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். அவர் கேட்க வந்த மஸ்அலா இதுதான். ஒளு அதற்கு ஒரு வாசற்படியாக இருந்தது, அவ்வளவே.

அத்தாயின் சம்மதத்துடன், ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறோம். அவருக்கு மட்டுமே உரிய கேள்வியாக இது நமக்குத் தோன்றவில்லை. நீளக் கைச்சட்டையும் புர்காவும் அணியும் வீட்டில் ஒரு பிள்ளையின் கையைப் பிறர் பார்ப்பது அபூர்வம். ஒளுச் செய்யும் குழாயடியில்தான் அது வெளிச்சத்துக்கு வருகிறது. வழக்கமாக உம்மாவோடு சேர்ந்து ஒளுச் செய்த பிள்ளை, சில வாரங்களாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே செய்தால், வெட்கம் வந்துவிட்டது என்று மட்டும் எண்ணி விட்டுவிட வேண்டாம். ஆண்பிள்ளைகளிடமும் இது உண்டு. அவர்களிடம் அது கோபமாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படுவதால் நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

முதலில், இது என்ன காரியம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு வயதில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் மரணத்தை நாடிச் செய்வதில்லை. உள்ளத்தில் சொல்ல வாயில்லாத ஒரு வேதனை நிரம்பி, அதைத் தாங்க வேறு வழி தெரியாமல் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்று மனநல மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஆனால், "சாகத்தானே நினைக்கவில்லை, போகட்டும்" என்று இருந்துவிடவும் கூடாது. இவ்வழக்கம் உள்ள பிள்ளைகள் பிற்காலத்தில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் அதே மருத்துவர்கள்தாம் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021ஆம் ஆண்டு 15 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணங்களுக்குத் தற்கொலை மூன்றாவது பெரிய காரணமாக இருந்தது. நம் மஹல்லாக்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

இதை வெளியே சொல்ல விடாமல் நம் வீடுகளின் வாயைக் கட்டுவது எது?

மார்க்கத்தின் பெயரால் ஒரு பூட்டுப் போடப்படுகிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பது உண்மை. அதை ஓதிக்காட்டி, "வீட்டு விஷயம் வீட்டோடு" என்று முடித்து விடுகிறார்கள். பிள்ளையின் துன்பத்தைத் தெருவில் பரப்பாதே, கல்யாண வீட்டுப் பந்தியில் பேசாதே, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதே என்பது அந்த ஹதீஸின் தாத்பரியத்தில் சேரும். காயத்தை வைத்தியரிடம் காட்டாதே என்பது சேராது. காய்ச்சல் வந்த பிள்ளையை யாரும் ஸத்ரு என்று சொல்லிப் போர்வைக்குள் மறைத்து வைப்பதில்லையே!

புறம் பேசுவது ஹராம் என்பதில் ஐயமில்லை. அப்படியிருந்தும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் விஷயத்தைப் பேசுவதற்கு அனுமதி உள்ள ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அநீதியை முறையிடுவதும், தீங்கை நீக்க உதவி கேட்பதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும் அவற்றில் உள்ளன. ஆகவே ஒரு தாய் தன் மகளின் நிலையை மருத்துவரிடம், நம்பிக்கைக்குரிய ஓர் ஆலிமிடம், உதவக்கூடிய ஓர் ஆசிரியையிடம் சொல்வது புறம் அல்ல. சொல்லியே தீர வேண்டிய நேரமும் உண்டு. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கப்படுகிறதே, அது கிதாபுக்குள் பத்திரமாக இருப்பதற்காகவா?

இன்னொரு பூட்டு, "இது ஈமான் குறைந்தவர்கள் செய்கிற வேலை" என்பது. தொழுகிற பிள்ளைக்கு மனவேதனை வராது என்று யார் சொன்னது? யூசுபு நபியைப் பிரிந்த துயரத்தில் யஃகூபு நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. அவர்கள் நபி! மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், ஊராரின் பேச்சையும் எண்ணி, இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள் என்பதும் திருமறையில் உள்ளதுதான். அந்த ஏக்கத்துக்கு என்ன பதில் வந்தது என்பதை மர்யம் அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப ஓதிப் பாருங்கள். "இப்படிப் பேசலாமா?" என்ற கண்டனம் அங்கே இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை காட்டப்பட்டது. பேரீச்ச மரத்தை உலுக்கச் சொல்லப்பட்டது. உண்டு, பருகி, கண் குளிருமாறு கூறப்பட்டது. நோவில் இருப்பவருக்கு முதலில் தேவை தண்ணீரும் ஆகாரமும் ஆறுதலும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இங்கே சிலர் நம்மிடம் கேட்பார்கள்: "அப்படியானால் இது பாவமில்லை என்கிறீரா?" உடல் அல்லாஹ்வின் அமானிதம், அதைச் சேதப்படுத்துவது ஹராம். இதில் இரண்டு பேச்சு இல்லை. தன்னைத் தானே கொன்றுகொள்வது பற்றி ஹதீஸ்களில் மிகக் கடுமையான எச்சரிக்கைகள் உள்ளன. அவற்றை நாம் மறைக்கப் போவதுமில்லை. ஆனால் எச்சரிக்கை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதற்கும் இல்மு வேண்டும். கரையில் நிற்பவனுக்கு ஆழத்தைச் சொல்லிப் பயமுறுத்தலாம். ஏற்கெனவே தண்ணீரில் தத்தளிப்பவனுக்கு அதையே உரக்கப் படித்துக்கொண்டிருப்பது என்ன ஞாயம்?

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் வருகிறது. பிரயாணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், அதனால் இறந்தும் போனார். செய்தி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்து கூறினார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்ற கருத்தில் வருந்தினார்கள். காயம்பட்டவரிடம் சட்டத்தின் கடுமையை மட்டும் நீட்டியவர்கள் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் பயன்படுத்திய சொல் எத்தகையது என்பதை, "நீ நரகத்துக்குத்தான் போவாய்" என்று பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும் பெரியவர்கள் யோசிக்க வேண்டும். பயான் செய்கிற நம்மைப் போன்றவர்கள் அவர்களைவிட அதிகம் யோசிக்க வேண்டும்.

இதைவிட நம் பாடத்துக்கு நெருக்கமான ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில், ஈமானின் பாடத்தில் உள்ளது. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தார். அவ்வூர்ச் சீதோஷ்ணம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயுற்றார். வேதனை பொறுக்காமல் தம் கைகளைத் தாமே காயப்படுத்திக்கொண்டு, அதனாலேயே இறந்தார். பிறகு துஃபைல் (ரலி) அவர்கள் அவரைக் கனவில் கண்டார்கள். அழகான தோற்றத்தில் இருந்தார்; ஆனால் கைகள் மட்டும் போர்த்தப்பட்டிருந்தன. விசாரித்தபோது, தாம் செய்த ஹிஜ்ரத்தின் பொருட்டால் அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்றும், தாமே பாழாக்கிக்கொண்டதைச் சீராக்கித் தருவதற்கில்லை எனத் தமக்குக் கூறப்பட்டதென்றும் சொன்னார். இக்கனவை நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்தபோது, அவர்கள் அந்த மனிதரைப் பழித்து ஒரு வார்த்தையும் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. அவருடைய இரு கைகளையும் மன்னித்தருளும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள்.

செயல் தவறு என்பது அந்தப் போர்த்தப்பட்ட கைகளிலேயே தெரிகிறது. அந்தக் கைகளுக்காக நபியின் வாய் துஆக் கேட்டது என்பதும் தெரிகிறது. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்பவர் ஹதீஸில் பாதியைத்தான் சொல்கிறார். இந்த ஹதீஸ் உள்ள பாடத்துக்கு, தன்னைக் கொன்றுகொண்டவர் காஃபிராகி விடுவதில்லை என்பதற்கான ஆதாரம் என்றே தலைப்பு இடப்பட்டுள்ளது. அவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மையான உலமாக்களின் முடிவு. "பள்ளிவாசலில் தொழ வைப்பார்களோ, கபுருஸ்தானில் இடம் தருவார்களோ" என்று அஞ்சி உண்மையை விழுங்கும் குடும்பங்கள் இதை அறிந்துகொள்ளட்டும். ஜமாஅத்துப் பொறுப்பாளர்களும் அறிந்துகொள்ளட்டும்.

"சோற்றுக்குக் குறையா, துணிக்குக் குறையா, இந்த வயசில் உனக்கென்ன கவலை?" இது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூஉமைர் வளர்த்த சின்னக் குருவி ஒன்று இறந்து போயிற்று. பிள்ளை முகம் வாடியிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வாட்டத்தைக் கவனித்தார்கள், காரணம் விசாரித்தார்கள், அந்தக் குருவியைப் பற்றியே அப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு குருவிக்குப் போய் இவ்வளவு துக்கமா என்று கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், தோழி பேசாமல் போனதும், நிறத்தைச் சொல்லி உறவுக்காரர் செய்த கேலியும் நமக்குக் குருவிதான். பிள்ளைக்கு அப்படி இல்லை.

காரணம் குருவியாக இல்லாமலும் இருக்கலாம். இதைச் சொல்லப் பலரும் கூச்சப்படுவார்கள், நாம் சொல்லிவிடுகிறோம். உறவினர், பக்கத்து வீட்டார், வண்டி ஓட்டுபவர், ஆசிரியர், ஏன், ஓதிக்கொடுக்கும் உஸ்தாது - யாரோ ஒருவர் அத்துமீறியதை வெளியே சொல்ல முடியாமல் ஒரு பிள்ளை தன் உடம்பையே வெறுக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் மறைக்கப்படுவது பிள்ளையின் குறை அல்ல, ஒரு அக்கிரமக்காரனின் குற்றம். அதற்கு ஸத்ரு என்று பெயரில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துவிட ஜமாஅத்துக்கு உரிமை இல்லை.

சரி, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. இதைப் பற்றிப் பேசுவது தூண்டிவிடும் என்பது தவறான நம்பிக்கை, மனம்விட்டுப் பேசுவது பிள்ளைக்கு வேறு வழியைக் காட்டி அவகாசம் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலேயே விளக்கியிருக்கிறது.

பேசும் முறையை நாயகம் (ஸல்) அவர்களிடமே கற்கலாம். ஓர் இளைஞர் சபையில் வந்து, விபசாரத்துக்கு அனுமதி கேட்டார். சபையில் இருந்தோர் அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை அருகே வரச் சொல்லி, உட்கார வைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா என்று கேள்வி கேட்டு அவர் வாயாலேயே பதில் சொல்ல வைத்து, இறுதியில் அவர் மீது கை வைத்து துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் அபூஉமாமா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். அந்த இளைஞர் கேட்டது பாவத்துக்கு அனுமதி. நம் பிள்ளை கேட்பது வேதனைக்கு ஆறுதல். அவருக்கே அந்த இடம் கிடைத்ததென்றால் நம் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆகவே தாய்மார்களே, கண்டவுடன் கத்த வேண்டாம். கையைப் பிடித்து இழுத்து, பெரியம்மாவையும் மாமியையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். குர்ஆன் மீது கை வைத்து இனிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கவும் வேண்டாம். சத்தியத்தை முறித்த பாவமும் சேர்ந்து அழுத்த, பிள்ளை இன்னும் ஆழமாக மறைக்கும். இஷாவுக்குப் பிறகு வீடு அடங்கிய நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். "உன் கையைப் பார்த்தேன்மா. எனக்குக் கோபம் இல்ல. ரொம்ப நோவா இருக்கா? எதுனால நோவுதுன்னு எங்கிட்டச் சொல்லு, இன்னிக்கு முடியலேன்னா நாளைக்குச் சொல்லு" - இவ்வளவு போதும். பதில் வராமல் போகலாம். எழுந்து போய்விடாதீர்கள். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்பதையும் நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் அந்த இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்கள், மருந்துகள் எவையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

சஃபரில் இருக்கும் தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. "அவங்களுக்குச் சொன்னா அங்கே கவலைப்படுவாங்க" என்று உங்கள் வீட்டில் பல விஷயங்கள் உங்களிடமிருந்து மறைக்கப்படுகின்றன. தொலைபேசியில் மதிப்பெண்ணையும் தொழுகையையும் மட்டும் விசாரித்தால், பிள்ளை அவ்விரண்டுக்கு மட்டுமே பதில் சொல்லும்.

ஓதிப் பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதி ஊதுவது சுன்னத்தான காரியம், தாராளமாகச் செய்யுங்கள். ஜின்னு, சூனியம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி, பிள்ளையைப் பிரம்பால் அடிப்பவனிடம் கொண்டு போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓட முடியாமல் மாண்டார்கள். நோயை வீட்டார் வெட்கமாக நினைத்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே நடந்த சாட்சி அது. மருந்து செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்ட நபியின் உம்மத்து நாம். பல்கில் பிறந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரீ 322இல் வஃபாத்தானவர்கள், உடலின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்குமாகச் சேர்த்தே ஒரு கிதாபு எழுதினார்கள். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று அதில் பிரித்துப் பேசுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதியதை இன்று மருத்துவமனையில் கேட்டால் புதுமையாகத் தெரிகிறது!

போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆவது பிரிவில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இடம்பெறவில்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பணச் செலவும் இல்லை. இரவு நேரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிள்ளைகளே நேராக அழைக்க 1098 இருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையை மீட்ட வேண்டும் என்று மேலே எழுதினோம். மஸ்அலா என்பதால் எழுதினோம்; காயம் ஆறுவதற்கு முன் அதைக் கணக்குப் போட்டுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். ஆறட்டும், பிறகு மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டது இது: "நாளைக்குச் சம்பந்தம் பேச வருவாங்களே ஹஜ்ரத். தழும்பு தெரிஞ்சா?" உண்மையில் பல வீடுகளில் மருத்துவரைத் தடுத்து நிறுத்துவது இந்தக் கேள்விதான். நிக்காஹை முறிக்க உரிமை தரும் குறைகளை ஃபிக்ஹுக் கிதாபுகள் எண்ணிச் சொல்லியிருக்கின்றன. ஆறிய தழும்பு அவற்றில் இல்லை. குணமாகி முடிந்துபோன ஒன்றைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் தோண்டியெடுத்துச் சொல்லும் கடமை அவளுக்கு இல்லை. சிகிச்சை நடந்துகொண்டிருந்து, அவர்களும் அதைக் குறித்துக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். இப்போது பிள்ளைக்குப் பதினைந்து வயது. சம்பந்தம் பேச இன்னும் நாளிருக்கிறது. மருத்துவரிடம் போக நாளைக் காலை ஒன்பது மணிக்கு வெளிநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அத்தாயிடம் சொன்னோம்.